விண்வெளியில் ஒரு மாப்பிள்ளை விசாரணை

ஏனுங்க தம்பி, அந்த வீடியோவ சித்தெ நிறுத்துங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. வெள்ளகோவில்ல நீங்க ஏறுனதுலருந்து பாத்துட்டே இருக்கறனுங்க. ஒண்ணு மாத்தி ஒண்ணு பாக்கறீங்க. ஒருத்தன் இந்தப் பழைய கேம இப்பவும் வெளையாடலாம்ங்கறான், இன்னொருத்தன் குப்பைங்கறான், நீங்க மண்டையச் சொறியறீங்க. அந்தக் கப்பலப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. நண்டாட்ட முன்னாடி ரெண்டு கொடுக்கு இருக்குது பாருங்க, அது சரக்குக் கப்பலுக்குக் காவலுக்குப் போறதுங்க. அதுல இடது பக்கத்து பீரங்கி சீக்கிரம் சூடாயிரும். அத அந்த வீடியோக்காரன் சொல்லவே இல்ல பாத்தீங்களா? அவன் வெளையாடவே இல்லீங்க. வெளையாடாமயே வாயடிக்கறான்.

நானா? நான் காங்கேயத்துல ஒரு கல்யாண மண்டபத்துல மேனேஜருங்க. மருதாசலம்னு பேரு. இந்த கேமுல லெப்டினன்ட்.

சிரிங்க சிரிங்க, பரவால்ல. எல்லாருந்தான் சிரிச்சாங்க. நீங்க எங்க, தஞ்சாவூர் வரைக்குமா? நல்லதாப் போச்சு. அந்த கேம வெளையாடலாமா வேண்டாமான்னு நான் சொல்லிப்போடறேன். ஆனா ஒரே வார்த்தைல சொல்ல முடியாதுங்க. நான் வெளையாடவே போகல, அத மொதல்ல தெரிஞ்சுக்கோங்க. நான் மாப்பிள்ளை விசாரிக்கப் போனேன்.

எனக்கு ஒரே புள்ளைங்க. தாரணி. கம்ப்யூட்டர் கம்பெனில வேலை, ஆனா வீட்டுலருந்தே பாக்குது. மாடி ரூம்புல காதுல ஒரு ஹெட்போன மாட்டிட்டு உக்காந்துட்டா, சோத்துக்குக் கூப்பிட்டாலும் காது கேக்காது. தை பொறந்ததும் சரி, மாப்பிள்ளை பாக்கலாம்னு நான் ஆரம்பிச்சேன். ஆரம்பிச்ச அன்னிக்கே புள்ள கீழ எறங்கி வந்துச்சு.

"அப்பா, ஒருத்தரப் புடிச்சிருக்குதுங்கப்பா. தஞ்சாவூரு. குகன்னு பேரு."

"எங்க பாத்தே?"

"பாக்கலீங்கப்பா. ஒரு கேமுல பழக்கம். விண்வெளில சண்டை போடறது. அவரு எங்க அணிக்கு கேப்டன்."

எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க. வேலைக்குப் போன எடத்துல பாத்தேன்னு சொல்லலாம், பஸ்சுல பாத்தேன்னு சொல்லலாம். இது விண்வெளிலங்குது! என்ற சம்சாரம் தெய்வானை என்ன சொன்னாங்கறீங்க? "புள்ள வெளிய வாசல்ல சுத்தாம வீட்டுக்குள்ள இருந்துட்டே மாப்பிள்ளை பாத்துக்கிச்சு, இதுல உங்களுக்கு என்னங்க கொறை?" அவ அப்படித்தானுங்க. ஊரு வேற, ஆளுக வேற, அதுக்கெல்லாம் நான் வாயத் தொறந்தேன். ஒரு வாரம் பேசிப் பேசியே என்ற வாய அடைச்சுப்போட்டா. அதுக்குள்ள இப்பப் போக வேண்டாம்.

நான் சொன்னேன், "கண்ணு, கேமு வெளையாடற பையனெல்லாம் குடும்பத்துக்கு ஆக மாட்டான். வேண்டாம்."

புள்ள கோவிக்கலீங்க. அழுகல. பொறுமையா ஒரு பேச்சுப் பேசுச்சு. "அப்பா, உங்க சம்மதமில்லாம நான் கட்டிக்க மாட்டேன். வைகாசி வரைக்கும் பாருங்க. பாத்துட்டு வேண்டாம்னு சொன்னீங்கன்னா சரி, நீங்க காட்டற ஆளக் கட்டிக்கறேன். ஆனா பாக்காமயே வேண்டாம்னு சொல்லக் கூடாது."

இந்தப் பேச்சுலதாங்க நான் மாட்டுனேன். சம்மதிச்சா அவனு, வேண்டாம்னா வேற ஆளு. புள்ளையோட வாழ்க்கைய அப்படியே தூக்கி என்ற கைல குடுத்துருச்சு. கனமா இருந்துச்சுங்க.

நான் பாக்காத மாப்பிள்ளைங்களா? மண்டபத்துல வருசம் முழுக்க மாப்பிள்ளைகளத்தானே பாக்கறேன். கார்ல இருந்து எறங்கறப்பவே சொல்லிருவேன், இவன் மாமனாருக்கு அடங்குவான், இவன் ஏறி மிதிப்பான்னு. அதனால எங்க பக்கத்துல யாரு வீட்டுல வரன் வந்தாலும், "மருதாசலண்ணா, ஒரு எட்டுப் போயி விசாரிச்சுட்டு வாங்க"ம்பாங்க. அதுக்கு ஒரு மொறை இருக்குதுங்க. வீட்டுக்கு நேராப் போயிரக் கூடாது. மொதல்ல அந்தத் தெருவுல டீக்கடை. அப்புறம் சலூன். அப்புறம் மளிகைக்கடை. டீக்கடைல பையன் எப்படின்னு தெரிஞ்சுரும், சலூன்ல அப்பன் எப்படின்னு தெரிஞ்சுரும், மளிகைக்கடைல அவிங்கம்மா எப்படின்னு தெரிஞ்சுரும். இந்த மூணு எடத்துல பொய் சொல்ல மாட்டாங்க.

ஆனா இந்தப் பையன் டீக்கடைக்குப் போறதில்லியாம். அவனுக்கும் வீட்டுலருந்தே வேலை. பழக்கம் வழக்கம் எல்லாமே அந்த கேமுக்குள்ளதானாம். அப்ப நான் எங்க போயி விசாரிக்கறது? அவன் பழகற எடத்துலதானே விசாரிக்கோணும்? நியாயத்தச் சொல்லுங்க.

மண்டபத்துக்குக் கீழ சம்சுதீன்னு ஒருத்தரு ஸ்டுடியோ வெச்சிருக்காரு. கல்யாண வீடியோ எடுக்கறவரு. அவருகிட்டப் பெரிய கம்ப்யூட்டர் இருக்குது, அந்த ட்ரோன் படமெல்லாம் வெட்டி ஒட்டறதுக்கு. அவருகிட்டப் போயி சொன்னேன். மனுசன் பேரக் கேட்டதும் சிரிச்சுப்போட்டாரு. "அண்ணே, இது நான் காலேஜ்ல படிக்கறப்ப வந்த கேமு. இதப் பண்ணுன கம்பெனியே மூடியாச்சு. பைத்தியம் புடிச்ச சில பேரு சேர்ந்து இன்னும் ஓட்டிட்டு இருக்காங்க. நீங்க எதுக்கண்ணே?"

"விசாரணைக்கு பாய்"னேன்.

பேரு என்ன வெக்கறதுன்னு கேட்டாரு. சொந்தப் பேரு வெக்க முடியுமா? அந்த அணில தாரணியும் இருக்குதே. ஜான்சன்னு வெச்சேன். ஜான்சன், மலேசியா. வெளிநாடுன்னா மேல கேக்க மாட்டாங்கன்னு ஒரு கணக்கு.

மொத நாள் உள்ள போனேன். மைக்குல எல்லாரும் பேசிட்டு இருந்தாங்க. தாரணி பேசற கொரலு கேக்குதான்னு பாத்தேன், இல்ல. அப்பாடான்னு இருந்துச்சு. நானும் கொரல மாத்தி, தொண்டையக் கட்டுனாப்புல கனமாப் பேசுனேன். "வணக்கமுங்க, நான் ஜான்சனுங்க."

"வாங்க சார். மலேசியாவுல எங்க?" இதுதான் அந்தக் குகன்.

"மலேசியா டவுன்லதானுங்க."

யாரோ சிரிச்சாப்புல இருந்துச்சு. என்னன்னு கேட்டேன், இருமல்னாங்க.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். கேமு எப்படி? ஒடைசலுங்க. சத்தியமாச் சொல்றேன். எழுத்தெல்லாம் எறும்பு சைசு. நட்சத்திரமெல்லாம் நம்ம மண்டபத்து வாசல்ல கட்டற சீரியல் லைட்டு, அதுலயும் பாதி எரியாததுங்க. இதெல்லாம் போச்சாதுன்னு விட்டர்லாம். பிரேக்கு இல்லீங்க! கப்பலுக்கு பிரேக்கே இல்ல! ஒருக்கா முடுக்கி விட்டா போயிட்டே இருக்குது. திருப்புனா மூஞ்சிதான் திரும்புது, ஒடம்பு போன பக்கமே போகுது. ஸ்கூட்டரு ஓட்டறவன் இதுல என்ன பண்றது? மொத நாளு எங்க தாய்க் கப்பலு மேலயே போயி மோதுனேன். ரெண்டாம் நாளும் அதே. மூணாம் நாளு மோதாமப் போனேன், ஆனா திரும்பி வர வழி தெரியல. சும்மா இருட்டுல போயிட்டே இருந்தேன்.

அப்பத்தாங்க சில்லு வந்தான்.

சில்லுன்னு ஒரு பையன். அந்தப் பேருதான் போட்டிருக்கும். மைக்குல பேசவே மாட்டான், எழுதறதோட சரி. நான் இருட்டுல போயிட்டிருக்கறேன், பின்னாடி ஒரு சின்ன வெளிச்சம். பாத்தா அவன். "பயப்படாதீங்க, மூஞ்சிய எதிர்ப்பக்கம் திருப்பி முடுக்குங்க, அதுதான் பிரேக்கு"ன்னு எழுதுனான். செஞ்சேன். நின்னுச்சுங்க! அந்தப் பெரிய கப்பலு அப்படியே பொட்டாட்டம் அசையாம நின்னுச்சு. எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு.

அன்னிலருந்து அவன் என்னைய விட்டுப் போனதே இல்ல. நான் எந்தப் பக்கம் போனாலும் எனக்குப் பின்னாடி அவன். என்னையச் சுட வர்றவன மொதல்ல அவன் சுட்டுருவான். நான் குறி தப்பி அவனயே ரெண்டு தடவ சுட்டிருக்கறேன், ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். ஆட்டம் முடிஞ்சதும் எழுதுவான், "சாப்ட்டீங்களா? பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" அப்படீம்பான். மலேசியாவுல இருக்கற ஜான்சனுக்குப் பிரஷருன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? சில புள்ளைகளுக்கு அந்த அக்கறை தானா வரும் போல. எத்தனையோ தடவ நெனச்சிருக்கறேன், குகன் கெடக்கறான், பேசாம இந்த சில்லுவயே மாப்பிள்ளையாப் புடிச்சுப் போட்டா என்னன்னு. என்ற புள்ள மாடில காதுல மாட்டிட்டு உக்காந்திருக்கும், இப்படி ஒரு தங்கமான பையன் அதே அணில இருக்கறது அதுக்குத் தெரியவே இல்ல பாருங்க.

நான் எதுக்கு வந்தேன்ங்கறத மறக்கலீங்க. விசாரணை நடத்திட்டேதான் இருந்தேன். ஒரு நாளு எதிரி கப்பலு எட்டுப் பத்து சுத்திக்கிச்சு. நான் மைக்குல கேட்டேன், "ஏனுங்க குகன், உங்களுக்கு சொந்த வீடுங்களா?"

"சார், வலது பக்கம் ஒருத்தன் வர்றான்!"

"வரட்டுமுங்க. சொந்த வீடா, வாடகையா?"

"சொந்த வீடுதான் மாமா... சார், திரும்புங்க, திரும்புங்க!"

மாமான்னு கூப்புட்டான் பாருங்க. அந்தத் தஞ்சாவூருப் பக்கம் எல்லாரையும் மாமான்னுதான் கூப்புடுவாங்களாட்ட இருக்குது. மரியாதை தெரிஞ்ச ஊருங்க. அப்புறம் குடிப்பழக்கம் உண்டான்னு கேட்டேன். இல்லைன்னான். கூடப் பொறந்தவங்க எத்தனை பேருன்னேன். அக்கா ஒண்ணு, கட்டிக் குடுத்தாச்சுன்னான். அம்மாவுக்கு சமையல்ல ஒத்தாசை பண்ணுவீங்களான்னேன். ரசம் வெப்பேன்னான். அப்ப எங்க அணில எல்லாருக்கும் சேர்ந்தாப்புல இருமல் வந்துருச்சு.

இப்படியே மாசி போச்சு, பங்குனி வந்துச்சு. எனக்கு ஆட்டம் பிடி கெடச்சுப் போச்சுங்க. விசாரணைக்காகத்தான். ஆட்டத்துல கெட்டிக்காரனா இருந்தாத்தானே நம்மளப் பக்கத்துல சேத்துவாங்க, பக்கத்துல இருந்தாத்தானே ஆளப் பாக்க முடியும்? அதுக்கோசரம் சாயங்காலம் ஸ்டுடியோவுக்குப் போறது, அப்புறம் மதியமும் போறது. சம்சுதீன் பாய்க்கு வேலை இருந்தா, "பாய், வரவேற்பு வீடியோ எங்கயும் ஓடிப் போயிராது, இங்க ஒரு சரக்குக் கப்பலு போயிட்டிருக்குது"ம்பேன். என்னைய லெப்டினன்ட் ஆக்கினாங்க. தாலி கட்டறப்ப மேளம் கொட்டுனாப்புல இருந்துச்சு எனக்கு. வீட்டுல சொல்ல முடியல பாருங்க, அதுதான் வருத்தம்.

நடுவுல மண்டபத்துல ஒரு சின்ன சங்கதி ஆயிப் போச்சு. பெருசாச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. ஒரு கல்யாணத்துல சாம்பாரு பத்தல. சமையக்காரரு இன்னொரு அடுப்பு ஏத்தோணும்னாரு, பருப்பு ஸ்டோர் ரூம்புல இருந்துச்சு, ஸ்டோர் ரூம்பு சாவி என்ற பாக்கெட்ல இருந்துச்சு, நான் கீழ ஸ்டுடியோவுல இருந்தேன். ஆட்டத்துல எங்க பாதி அணி எதிரிக நடுவுல மாட்டிட்டு இருந்துச்சு, விட்டுட்டு வர முடியுமா? என்னையத் தேடாத எடமில்லியாம். அதுக்குள்ள மாப்பிள்ளையோட தாய்மாமன் எலையப் பாதில மூடிட்டு எந்திரிச்சுட்டாரு. எலை மூடறதுன்னா எங்க ஊருல சும்மா இல்லீங்க, பெரிய சண்டையாயிப் போச்சு. நானென்ன பண்றது? சமையக்காரரு அளவு தெரிஞ்சு வெச்சிருக்கோணும். நான் அப்படித்தான் சொன்னேன்.

சித்திரை வந்துருச்சு. புள்ளை சொன்ன கெடு நெருங்குது. குகன் நல்லவன்தான், பொய் பேசல, கெட்ட வார்த்தை பேசல. இருந்தாலும் என்ற மனசுல ஒரு உறுத்தலு. மாமனாருக்கு ஒரு ஆபத்துன்னா வந்து நிப்பானா? மண்டபத்துல பாத்திருக்கறேன், வாயெல்லாம் சக்கரையா இருக்கும், மாமனாரு ஆஸ்பத்திரில கெடந்தா ஆளு எட்டிப் பாக்காது. அதப் பாத்துப்போட்டு முடிவு பண்ணலாம்னு ஒரு ஏற்பாடு பண்ணுனேன்.

அன்னிக்குப் பெரிய ஆட்டம். ஒரு கப்பலுல அகதிக இருபது பேரு. நெசத்துல யாருமில்ல, கேமுல அப்படி. அந்தக் கப்பலக் காப்பாத்தி அக்கட்ட கொண்டு போயிச் சேத்தோணும். பாதி தூரம் போனதும் நான் வேணும்னே பின்தங்கி இஞ்சின அணைச்சுப்போட்டேன். எதிரிக என்னையச் சுத்தறானுக. மைக்குல கத்துனேன், "குகன்! இஞ்சின் போச்சு! காப்பாத்துங்க!"

அவன் சொல்றான், "சார், என்னால வர முடியாது. நான் திரும்புனா இந்தக் கப்பல் போயிரும். உள்ள இருபது பேரு இருக்காங்க. உங்களுக்கு மறுபடி வேற கப்பல் குடுப்பாங்க சார். மன்னிச்சுக்குங்க."

"அந்த இருபது பேரும் பொம்மைங்க! நான் உசுரோட இருக்கற மனுசன்!"

"ஆமா சார். ஆனா அவங்களக் கொண்டு போய்ச் சேக்கறேன்னு ஏத்துக்கிட்டு வந்திருக்கேன்."

வரலீங்க. கடைசி வரைக்கும் அவன் வரல. சில்லுதான் வந்தான். அணிய விட்டுட்டுத் தனியாத் திரும்பி வந்தான். எனக்கும் எதிரிக்கும் நடுவுல வந்து நின்னான். ரெண்டு பேரும் சேந்து வெடிச்சம். "பரவால்லீங்க"ன்னு எழுதுனான். எனக்கு ஆத்தரம் தாங்கலீங்க. கட்டற மாப்பிள்ளை கைவிட்டுட்டான், யாரோ பெத்த பையன் வந்து உசுரக் குடுக்கறான்.

அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் சொல்லிப்போட்டேன். "கண்ணு, அந்தத் தஞ்சாவூருப் பையன் வேண்டாம்."

தெய்வானை ஏன்னு கத்துனா. தாரணி கத்தல. "பாத்துட்டுத்தான் சொல்றீங்களாப்பா?"

"பாத்துட்டுத்தான் கண்ணு."

"சரிங்கப்பா."

அவ்வளவுதாங்க. மேல போயிருச்சு. ஏன்னு கேக்கும், சண்டை போடும்னு நெனச்சேன். சண்டை போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். சொன்ன சொல்லக் காப்பாத்துதுன்னு பெருமையாவும் இருந்துச்சு, நெஞ்சுல ஒரு கல்லத் தூக்கி வெச்சாப்புலயும் இருந்துச்சு. அந்த வாரம் பூராம் புள்ளை மாடில லைட்டு கூடப் போடல. சரி, மனசு மாறட்டும்னு நான் ஸ்டுடியோவுக்குப் போனா, அங்க சில்லுவும் வரல. அந்த வாரம் பூராம் அவனும் வரலீங்க. அவனுக்கும் அதே சமயத்துல என்னமோ மனசு சரியில்ல போல. ரெண்டு பக்கமும் எனக்கு நல்லா இல்ல.

அப்புறம் முத்தூருல இருந்து ஒரு வரன். அரிசி மில்லு. பையன் வாட்டசாட்டம், பேச்சு தேனு. பொண்ணு பாக்க வந்தாங்க. தாரணி காப்பி கொண்டாந்து வெச்சுட்டு, தலையக் குனிஞ்சுட்டு நின்னுச்சு. கேட்டதுக்கெல்லாம் பதிலு சொல்லுச்சு. எனக்கு அதப் பாக்கவே முடியலீங்க. நான் அந்தப் பையனத் தனியாக் கூட்டிட்டுக் கொல்லைப் பக்கம் போனேன். கேட்டுப்போட்டேன்.

"தம்பி, ஒரு கப்பலுல இருபது பேரு போறாங்க. உங்க பொறுப்பு. பின்னாடி உங்க மாமனாரு மாட்டிக்கிட்டாரு. ஒண்ணத்தான் காப்பாத்த முடியும். என்ன பண்ணுவீங்க?"

யோசிக்கவே இல்லீங்க அவன். "மாமா, இருபது பேரு கெடக்கறாங்க விடுங்க! எனக்கு நீங்கதானுங்க முக்கியம்!"

நான் கேக்க ஆசைப்பட்ட பதிலுதான். ஒரு மாமனாருக்கு இதவிட என்ன வேணும்? சந்தோசப்பட்டிருக்கோணும். என்ற ஒடம்பு பத்திக்கிச்சுங்க! இருபது பேருங்க! நம்பி ஏறி உக்காந்திருக்காங்க! கொழந்தை குட்டி இருக்கும்! அத்தனை பேரயும் விட்டுட்டு, காப்பி குடுத்த மாமனாரு மூஞ்சியப் பாத்துப் பேசறானே, இவன நம்பி ஒரு சரக்குக் கப்பலு அனுப்ப முடியுமா? இவனெல்லாம் எங்க அணில ஒரு நாளு தாங்குவானா? அப்பத்தாங்க எனக்கு உறைச்சுது. நாளைக்கு என்ற புள்ளைய ஏத்துக்கறேன்னு சொல்லி ஏத்திட்டுப் போவான், இன்னொருத்தன் கொஞ்சம் பெரிய ஆளு வந்து நின்னா, அங்க திரும்பிக்குவான். குகன் அப்படி இல்லியே. என்னைய மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொன்னானே. மன்னிச்சுக்குங்கன்னும் சொன்னானே.

முத்தூருக்காரங்களுக்கு, சாதகம் பொருந்தலைன்னு சொல்லி அனுப்பிப்போட்டேன். அவிங்க போனதும் தாரணிய நிறுத்தி, "கண்ணு, அந்தத் தஞ்சாவூருப் பையனயே பேசலாம்"னேன்.

"ஏனுங்கப்பா?"

"கேப்டன்னா பொறுப்பு இருக்கோணும் கண்ணு. அந்தப் பையனுக்கு இருக்குது."

"எந்த கேப்டனுங்கப்பா?"

"இல்ல, பொதுவாச் சொன்னேன்"னேன். மாட்டியிருப்பேன், கொஞ்சத்துல தப்பிச்சேன். புள்ள என்ற கையப் புடிச்சுது. அப்புறம் ஓடிப்போயி ரூம்புக் கதவச் சாத்திக்கிச்சு. உள்ள அழுகறாளா சிரிக்கறாளான்னு தெரியல. ரெண்டும் கேட்டுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சுங்க, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன.

இதோட முடிஞ்சுதுன்னுதானே நெனைக்கறீங்க? நானும் அப்படித்தான் நெனச்சேன். நாங்க சரின்னு சொல்லி அனுப்புனம். தஞ்சாவூருல பையனோட அப்பா சிங்காரவேலுன்னு, ரிட்டையர்டு ஹெட்மாஸ்டரு. ஒரு வாரம் கழிச்சு தெய்வானைக்கு போன் பண்ணியிருக்காரு. மனுசன் என்ன பண்ணியிருக்காருங்கறீங்க? காங்கேயத்துக்கு ஆள் அனுப்பியிருக்காரு! எங்க தெருவுக்கு! டீக்கடை, சலூன், மளிகைக்கடை! என்னோட மொறைங்க அது! எனக்கே நடந்துருச்சு!

என்ன சொன்னாராம் தெரியுங்களா? "தங்கமான பொண்ணும்மா. உங்களப் பத்தியும் ஒரு கொறை இல்ல. பொண்ணோட அப்பாதான் சரியில்லன்னு ஊரே சொல்லுது. நேரங்காலம் இல்லாம கேம் விளையாடிட்டு ஒரு கல்யாணப் பந்தியவே பாழ் பண்ணிட்டாராமே. பொறுப்பில்லாத மனுஷர் வீட்டுல சம்பந்தம் வேணுமான்னு யோசிக்கறோம்"னாராம்.

என்னையச் சொல்றாருங்க! பொறுப்பில்லைன்னு! நான் என்ன வெளையாடவா போனேன்? விசாரிக்கத்தானே போனேன்! அத அந்த டீக்கடைக்காரன்கிட்ட நான் எப்படிச் சொல்றது? சலூன்காரன் என்ன சொன்னான்னு நெனைச்சாலே தூக்கம் வர மாட்டேங்குது, அவன் கடைக்கு எதுத்தாப்புலதான் ஸ்டுடியோ.

கோவமெல்லாம் ஒரு நாளுதாங்க. அப்புறம் பயந்துட்டேன். என்ற புள்ளை சொன்ன சொல்லக் காப்பாத்துச்சு, அந்தப் பையன் சரியா இருந்தான், எல்லாம் கூடி வர்றப்ப என்னால நிக்குது. என்னாலங்க. என்ற புள்ளைக்கு என்னையவிட வேற எதிரி இல்லைன்னு ஆயிருமோன்னு பயம். தெய்வானை சொல்லிப்போட்டா. "நேருல போங்க. இனிமே அதத் தொட மாட்டேன்னு அவருகிட்டச் சொல்லிட்டு வாங்க. சொல்லாம வீட்டுக்கு வராதீங்க." நான் கேமு வெளையாடறது வீட்டுல தெரிஞ்சு போச்சு பாருங்க, டீக்கடைக்காரன் புண்ணியத்துல. ஆனா நாந்தான் ஜான்சன்னு இன்னும் யாருக்கும் தெரியாதுங்க. அத மட்டும் காப்பாத்திட்டேன்.

இந்தப் பையில என்னன்னா? தாம்பூலம், பழம், காங்கேயத்து வெண்ணெய். அடில சம்சுதீன் பாயோட பழைய லேப்டாப்பு. எதுக்குன்னா, அந்த ஹெட்மாஸ்டரு கண்ணு முன்னாடியே கேம அழிச்சுக் காட்டப் போறேன். "பாத்துக்கோங்க சம்பந்தி, போச்சு"ன்னு. வெறும் வாயில சொன்னா நம்ப மாட்டாரு. வாத்தியாருக்குக் கண்ணுல காட்டோணும்.

அதனால உங்க கேள்விக்கு நான் சொல்றது, அத வெளையாடாதீங்க தம்பி. ஒடைசலு. கண்ணு வலிக்கும். பிரேக்கு இல்ல. கல்யாண வயசுல புள்ளை இருந்தா தொடவே தொடாதீங்க. அப்புறம், வெளையாடறதா இருந்தா, மொதல்ல அந்த நண்டுக் கப்பல எடுக்காதீங்க, சின்னதா இருக்கற கப்பல எடுங்க. இடது பீரங்கிய விட்டு விட்டுச் சுடுங்க. தனியாப் போகாதீங்க. எங்க அணில ஒரு எடம் காலியாகுது, நான் வேணும்னா சொல்லி வெக்கறேன்.

இது எந்த ஊரு, திருச்சி தாண்டிருச்சுங்களா? அப்ப கொஞ்ச நேரந்தான் இருக்குது. ஏனுங்க தம்பி, உங்க போன்ல இருந்து சித்தெ நெட்டு குடுக்க முடியுங்களா? என்ற போன்ல தீந்து போச்சு. ஆட்டத்துக்கு இல்லீங்க, நெசமாலுமே. இதா, இதத் தொறந்தாச்சு. அந்த சில்லுகிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போறது எனக்கு மனசு ஒப்பல. ஒரே ஒரு தடவ உள்ள போயி, நாளைலருந்து வர மாட்டேன்னு சொல்லிப்போடறேன். இல்லாட்டி பாவம், நான் எங்கயோ இருட்டுல போயிட்டு இருக்கறேன்னு நெனச்சுட்டுத் தேடிட்டே இருப்பான். அந்த மாதிரிப் பையன் அவன். கண்டக்டரு தஞ்சாவூருன்னு கத்துனா மட்டும் சொல்லுங்க.

நெட்டு வந்துருச்சு. பாருங்க பாருங்க, இந்த நேரத்துல யாருமே இல்ல, அவன் ஒருத்தன் மட்டும் இருக்கறான் பாருங்க. என்னையப் பாத்ததும் எழுதறான். சித்தெ படிங்க, எனக்குக் கண்ணாடி பையில இருக்குது. என்னன்னு எழுதியிருக்கறான்? "ஜன்னலோரம் உக்காந்திருக்கீங்களா? தண்ணி குடிச்சீங்களா? பயப்படாமப் போயிட்டு வாங்க"ன்னா?

பாத்தீங்களா தம்பி. முன்னப்பின்ன தெரியாத ஒரு மனுசன் மேல எத்தனை பாசம் பாருங்க. யாரு பெத்த புள்ளைங்களோ.